அரியர் தேர்ச்சி யார் கொடுத்தது, யார் எடுத்தது? வாசகர் கேள்வி – பதில்

கொரோனாக் காலத்தில் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் அரசு, நீதிமன்றம், தேர்தல் ஆணையம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மீது இன்று எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளைச் சுருக்கித் தருகிறோம். எழுதியவர்களின் விருப்பப்படி ஊர்ப் பெயர்களை மட்டும் வெளியிடுகிறோம்.

*

பொறியியல் பட்டதாரி, நாமக்கல்: 2020 ஆகஸ்டில் அரியர், அதாவது முந்தைய பருவங்களில் தேறாமல் நிலுவையில் நின்ற பாடங்கள், வைத்திருந்த எல்லோரும் தேர்ச்சி என்று முதலமைச்சர் அறிவித்தபோது கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது செல்லாது என்றாகிவிட்டது. அன்றிலிருந்து அரசு எதை அறிவித்தாலும், 'இது எத்தனை நாளைக்கு?' என்றுதான் மனம் முதலில் கேட்கிறது. இப்படிச் சந்தேகப்படுவது என் தவறா, ஐயா?

தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் நம்பிக்கை எந்த இடத்தில் உடைந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பலர் நினைப்பதுபோல அது நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளில் உடைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடந்ததை வரிசைப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கல்லூரிகள் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. ஜூலை 6-ஆம் தேதி பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, இறுதிப் பருவத் தேர்வுகளை செப்டம்பர் மாத இறுதிக்குள் கட்டாயம் நடத்த வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஜூலை 23 அன்று தமிழக அரசு, இறுதியாண்டு தவிர்த்த மற்ற மாணவர்களுக்குப் பருவத் தேர்வை ரத்து செய்து அடுத்த ஆண்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது. இதற்கு யுஜிசி-யின் வழிகாட்டுதலிலேயே இடமிருந்தது. ஆகஸ்ட் 26 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி ஒரு படி மேலே போய், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு, இறுதிப் பருவப் பாடங்கள் நீங்கலாக, தேர்வு எழுதாமலேயே தேர்ச்சி வழங்கப்படும் என்றார். 'அரியர் மாணவர்களின் அரசனே' என்று சுவரொட்டிகள் முளைத்தன. சட்டமன்றத் தேர்தலுக்கு ஓராண்டுகூட இல்லாத நேரம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே நாட்களில், ஆகஸ்ட் 28 அன்று, உச்ச நீதிமன்றம் இறுதியாண்டுத் தேர்வு வழக்கில் தீர்ப்பளித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாநிலங்கள் தேர்வைத் தள்ளிவைக்கலாம், அதற்கு யுஜிசி-யிடம் கூடுதல் அவகாசம் கேட்கலாம், ஆனால் இறுதியாண்டுத் தேர்வே நடத்தாமல் மாணவர்களைத் தேர்ச்சி பெறவைக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அது அரியர் பற்றிய வழக்கு இல்லைதான். இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது சட்டம் அறிந்த எவருக்கும் அன்றே விளங்கியிருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான சேதம் என்பேன். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இந்த முடிவை ஏற்கவில்லை என்று தமக்கு மின்னஞ்சல் அனுப்பியிருப்பதாக அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் சூரப்பா சொன்னார். அரசுக்கு அப்படி எதுவும் வரவில்லை என்று உயர்கல்வித் துறை அமைச்சர் கே.பி. அன்பழகன் சொன்னார். ஒரே மாநிலத்தில், ஒரே தேர்வைப் பற்றி, மாணவனுக்கு மேலே இருக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். இருபது வயதுப் பையன் யாரை நம்புவது? அவன் கையில் இருந்ததோ கட்டணம் கட்டிய ரசீது மட்டும்தான்.

முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உள்ளிட்டோர் அரியர் தேர்ச்சி அறிவிப்பை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விசாரணை காணொளி வழியாக நடந்தது. நவம்பரில் ஒரு நாள், இணைப்பு முகவரி எப்படியோ கைமாறி, நூற்றுக்கணக்கான மாணவர்கள் அந்த விசாரணைக்குள் நுழைந்துவிட்டார்கள். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. மாணவர்களின் ஒழுக்கக்கேடு என்று அன்று பலர் எழுதினார்கள்; இடையூறு இடையூறுதான், நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் எதற்காக அங்கே வந்தது என்று எவரும் கேட்கவில்லை. அமைச்சர் ஒன்று சொல்ல, துணைவேந்தர் வேறொன்று சொல்ல, கல்லூரி அலுவலகம் 'எங்களுக்கு இன்னும் சுற்றறிக்கை வரவில்லை' என்று கைவிரிக்க, தன் தலையெழுத்து எங்கே முடிவாகிறதோ அந்த இடத்துக்கே போய்த் தன் காதால் கேட்டுவிடலாம் என்று வந்த கூட்டம் அது. மற்ற எல்லாவற்றையும் கைவிட்ட பிறகும் நீதிமன்றத்தின் சொல்தான் கடைசிச் சொல் என்ற எண்ணம் அவர்களிடம் மிச்சமிருந்தது என்றே நான் அதை வாசிக்கிறேன்.

2021 ஏப்ரலில், தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, தேர்வே எழுதாமல் அரியருக்குத் தேர்ச்சி வழங்குவதை ஏற்க முடியாது, ஏதேனும் ஒரு முறையில் தேர்வு நடத்தியாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கல்வி 1976 முதல், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஆனால் உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பதும் ஒருங்கிணைப்பதும் ஒன்றியப் பட்டியலின் 66-ஆவது இனத்தில் இருக்கின்றன. அந்த அதிகாரத்தின் பேரில் பிறந்ததுதான் 1956-ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம். இந்த ஏற்பாடு மாநில உரிமைக்கு நல்லதா என்பது தனி வாதம். அதில் எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் அறிவிப்பைத் தயாரித்த அதிகாரிகளுக்கு இந்த இனத்தைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்க முடியாது. யுஜிசி-யைக் கேட்டுவிட்டு அறிவித்திருக்கலாம். 'அரசின் பரிந்துரை இது, இறுதி முடிவு இன்ன அமைப்பின் கையில் இருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் சுவரொட்டிகள் குறைந்திருக்கும். எட்டு மாதம் கழித்து உங்களுக்கு ஏமாற்றமும் குறைந்திருக்கும்.

உங்களைப் போன்றவர்களிடம் பேசியதில் நான் கண்டது இதுதான்: தேர்வு எழுத வேண்டியிருந்தது என்பதற்காக எவரும் இன்று கசப்போடு இல்லை. எழுத வேண்டுமா, வேண்டாமா என்பது தெரியாமல் எட்டு மாதங்கள் கிடந்ததுதான் மனத்தில் நிற்கிறது. ஓர் அமைப்பின் சொல் கடுமையாக இருந்தால் திட்டிக்கொண்டாவது கட்டுப்படுவோம். யாருடைய சொல் கடைசிச் சொல் என்று தெரியாதபோது எல்லா அமைப்புகளின் மேலும் சந்தேகம் விழுகிறது. ஆகவே 'எத்தனை நாளைக்கு?' என்ற உங்கள் கேள்வியை விட்டுவிட வேண்டாம். அதோடு 'இதை அறிவிக்கும் அதிகாரம் இவருக்கு இருக்கிறதா?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

*

கல்லூரிப் பேராசிரியர், திருநெல்வேலி: மாணவர்கள் சுலபமான வழியை விரும்பினார்கள், அது கிடைக்கவில்லை என்றதும் கோபப்பட்டார்கள். இதற்கு 'அரசியல் நிறுவனங்களின் மீதான நம்பிக்கை' என்றெல்லாம் பெரிய பெயர் வைக்க வேண்டுமா?

சுலபத்தை விரும்பியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஆசிரியர். மற்ற பாதியையும் பார்த்திருப்பீர்கள். 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுகளை இணையவழியில் நடத்தியது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கேமரா வழியாகவும் மைக் வழியாகவும் மாணவரைக் கண்காணித்தது. சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில் மட்டும் என்றிருக்கும் கிராமத்து வீட்டில் ஒரு பெண் ஒரு மணி நேரம் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு தேர்வெழுத, தெருவில் போன டிராக்டர் சத்தத்தையும் பின்னால் துணி எடுக்க வந்த அம்மாவையும் அந்த மென்பொருள் எப்படி எடுத்துக்கொண்டது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முடிவு வந்தபோது ஏராளமானோர் தோல்வி. பலருக்கு முடிவே நிறுத்திவைப்பு. புகார்கள் குவிந்து, மே மாதம் புதிய அரசு பொறுப்பேற்றதும், உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு நடத்தப்படும் என்று அறிவிக்க வேண்டிவந்தது.

தேர்வு எழுதிய மாணவருக்கும் அதே குழப்பம், எழுதாமல் தேர்ச்சி என்று சொல்லப்பட்ட மாணவருக்கும் அதே குழப்பம். இருவரும் கேட்டது ஒன்றைத்தான்: என்னை எந்த விதிப்படி மதிப்பிட்டீர்கள்? அதற்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தைத்தான் நிறுவனம் என்கிறோம். பெரிய பெயர் என்று படவில்லை எனக்கு.

*

அரசியல் அறிவியல் ஆய்வு மாணவி, மதுரை: நெருக்கடிக் காலத்தில் இளைஞர்களின் நம்பிக்கை கூடுகிறதா, குறைகிறதா? இரண்டு விதமாகவும் படிக்கிறேன். எது சரி?

இரண்டுமே சரி; காலம்தான் வேறு. ஆபத்து தொடங்கும் முதல் வாரங்களில் மக்கள் தலைமையைச் சுற்றித் திரள்வார்கள் என்பதை ஜான் முல்லர் என்ற அமெரிக்க அறிஞர் 1970-இலேயே போர்களையும் வெளியுறவு நெருக்கடிகளையும் வைத்து எழுதினார். 2020 மார்ச்சில் மேற்கு ஐரோப்பிய நாடுகளில் ஊரடங்கு வந்த உடனே அரசின் மீதான நம்பிக்கை சற்றுக் கூடியதைக் கணக்கெடுப்புகள் காட்டின. நம் ஊரிலும் மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குப் பிரதமர் கேட்டுக்கொண்டபடி தட்டும் கையுமாக வாசலுக்கு வந்தவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள் அல்லவா!

நீண்ட கால விளைவு வேறு. ஜெவத் அக்சோய், பாரி ஐகென்கிரீன், ஓர்குன் சாகா ஆகிய மூவரும் சுமார் 140 நாடுகளில் 2006 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட கேலப் கருத்துக்கணிப்புகளை வைத்து ஆராய்ந்தார்கள். கொரோனாவுக்கு முந்தைய கொள்ளைநோய்களைப் பற்றிய தரவுகள் அவை. 18 முதல் 25 வயதுக்குள் கொள்ளைநோயைச் சந்தித்தவர்களிடம் அரசின் மீதும் தலைவர்கள் மீதும் தேர்தல் நேர்மையின் மீதும் நம்பிக்கை குறைந்திருந்தது; வயதான பிறகும் அந்தத் தழும்பு ஆறவில்லை. வேறு வயதில் சந்தித்தவர்களிடம் அப்படி இல்லை. அரசு திடமாகச் செயல்பட முடியாமல் இருந்த நாடுகளில்தான் இந்த விளைவு கூடுதலாகத் தெரிந்தது என்பதை உங்கள் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள். நோய் வந்தது என்பதற்காக மட்டும் நம்பிக்கை போவதில்லை.

உங்கள் ஆய்வுக்கு இன்னொரு பழைய வேறுபாடும் உதவும். ஆட்சியில் இருப்பவர் இன்று செய்யும் செயலுக்காக நாம் தரும் ஆதரவும், ஆட்சி முறையின் மேலேயே நாம் வைத்திருக்கும் பற்றும் வேறு வேறு என்று டேவிட் ஈஸ்டன் பிரித்துக் காட்டினார். முதலாவது ஏறி இறங்கும். இரண்டாவது மெதுவாகத் தேயும், மெதுவாகவே திரும்பும். 'அரசனே' என்று சுவரொட்டி ஒட்டியதை முதல் கணக்கில்தான் எழுத வேண்டும். அதை நிறுவனத்தின் மீதான நம்பிக்கை என்று எண்ணிக்கொண்டால் ஏமாந்துபோவோம். தேர்தலில் ஆட்சி மாறியது, அமைச்சர் மாறினார், ஆனால் இரண்டாவது கணக்கில் விழுந்த குறை ஆட்சி மாற்றத்தால் மட்டும் தீர்ந்துவிடாது.

நம்பிக்கை எதற்குப் பயன்படுகிறது என்பதற்கும் சான்று உண்டு. 177 நாடுகளின் நோய்த்தொற்று விவரங்களை ஆராய்ந்து 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, மருத்துவக் கட்டமைப்பைக் கணக்கிடும் ஆயத்தக் குறியீடுகளைவிட, அரசின் மீதும் சக மனிதர் மீதும் உள்ள நம்பிக்கையே குறைந்த தொற்று விகிதத்தோடு தெளிவான தொடர்பு கொண்டிருந்தது என்று கண்டது. தொடர்பு இருப்பதால் அதுவே காரணம் என்றாகிவிடாது. ஆய்வேட்டில் அந்த எச்சரிக்கையையும் எழுதிவிடுங்கள்.

*

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்த முன்னாள் மாணவர், விழுப்புரம்: தடுப்பூசி விழிப்புணர்வுக்காகக் கிராமங்களுக்குப் போனோம். நடிகர் விவேக் இறந்த வாரத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் குழுவிலேயே சிலர் தயங்கினார்கள். அறிவியல் படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால் என்ன சொல்வது?

விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், தாமே முன்வந்து, மக்களுக்கு எடுத்துக்காட்டாக இருக்கவேண்டும் என்று தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17 அன்று அதிகாலையில் மறைந்தார். இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று மருத்துவர்கள் அன்றே விளக்கினார்கள்; சுகாதாரத் துறைச் செயலர் ராதாகிருஷ்ணனும் செய்தியாளர்களைச் சந்தித்தார். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற தேசியக் குழுவின் அறிக்கை அக்டோபரில்தான் வந்தது.

ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் உங்களைப் போன்ற இளைஞர்கள் வெறுங்கையோடு வாசல் வாசலாக நின்றீர்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அறிவியல் படித்தவர் தயங்குவது அறிவியலை நம்பாததால் இருக்கவேண்டும் என்பதில்லை. ஊசியை உருவாக்கியவரை நம்பலாம். 'பக்கவிளைவு ஏதாவது வந்தால் மறைக்காமல் சொல்வார்களா?' என்ற இடத்தில் நம்பிக்கை நின்றுவிடலாம். அது ஆய்வகத்தைப் பற்றிய கேள்வி இல்லை, அரசாங்கத்தைப் பற்றிய கேள்வி. போதாததற்கு, மே 1 முதல் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் தடுப்பூசி என்று தேசிய அளவில் அறிவித்துவிட்டு, அந்த நாளில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் போடுவதற்கு மருந்து இல்லை. தயங்கியவரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து அழைத்துப்போனால், முகாம் வாசலில் 'இருப்பு இல்லை' என்ற பலகை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மருந்து வந்து சேர்ந்த பிறகு தயக்கம் எவ்வளவு விரைவாகக் கரைந்தது பாருங்கள். செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் திறந்தபோது வளாகங்களிலேயே முகாம்கள் நடந்தன. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் நடந்த முதல் மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். சொன்னது சொன்ன இடத்தில் சொன்ன நாளில் கிடைத்தது. நீங்கள் கொடுத்த துண்டறிக்கைகளைவிட அதற்கு வலிமை அதிகம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

*

ஒரு தாய், தஞ்சாவூர்: என் மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள். மார்ச்சில் இரண்டு உடுப்புகளோடு ஊருக்கு வந்தவள். விடுதிகளை நோயாளிகளுக்காக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த இரவு அவள் தூங்கவே இல்லை. சான்றிதழ்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. நோயாளிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, ஐயா. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?

கேட்டிருக்கலாம், அம்மா. 2020 ஜூனில் சென்னையில் தொற்று உச்சத்துக்குப் போனபோது, அண்ணா பல்கலைக்கழக விடுதிகளை ஒப்படைக்கும்படி மாநகராட்சி ஆணையர் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கெடு விதித்துக் கடிதம் அனுப்பினார். அறைகளுக்குள் மாணவர்களின் உடைமைகள் இருக்கின்றன என்பது பல்கலைக்கழகம் சொன்ன தயக்கம். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. மருத்துவமனையில் படுக்கை இல்லாத நகரத்தில் காலியான விடுதியைப் பூட்டிவைப்பது எப்படி? பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் மடிக்கணினியையும் யாரோ ஒருவர் மூட்டை கட்டி எங்கோ வைப்பதை ஒரு மாணவி எப்படித் தாங்குவாள்?

இந்த இரண்டு அமைப்புகளும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டன. உங்கள் மகள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அறையைத் திறக்கும் நாள், பொருட்களைப் பட்டியலிடும் விடுதிக் காப்பாளர், வைக்கப்படும் இடம், கேட்க வேண்டிய தொலைபேசி எண் என்று நான்கு விவரங்களைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதற்குப் பெரிய செலவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியபோதும், வளாகத்துக்குள் இருந்த பலருக்கு முதல் தகவல் வெளியிலிருந்துதான் வந்தது என்று அங்கிருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாணவரை ஒரு குடிமகளாகப் பார்க்காமல் கணக்கில் ஒரு தலையாகப் பார்க்கும் பழக்கம் நம் நிர்வாகத்துக்கு நெருக்கடிக்கு முன்பே உண்டு. நெருக்கடியில் அது பளிச்சென்று தெரிந்தது.

*

பொது சுகாதாரம் படிக்கும் மாணவர், வேலூர்: அரசு தன் புள்ளிவிவரம் தவறு என்று ஒப்புக்கொண்டால் மக்களின் நம்பிக்கை குலைந்துவிடாதா? நெருக்கடி நேரத்தில் சில எண்களை மெதுவாகச் சொல்வதில் தவறென்ன?

உங்கள் படிப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு பருவத்தையே ஒதுக்கலாம். கைக்கு எட்டும் எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. 2020 ஜூனில், மாநில அறிக்கையில் வரும் சென்னை மரணங்களும் மாநகராட்சியின் பதிவேட்டில் உள்ள மரணங்களும் ஒத்துப்போகவில்லை என்று செய்திகள் வந்தன. முதலில் மறுப்பு. பிறகு ஒரு குழு. ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 மரணங்களைச் சேர்த்துக்கொள்வதாக அரசே அறிவித்தது.

அந்த அறிவிப்பு வந்த நாளில் ஆத்திரம் இருந்தது; நியாயம்தான், 444 என்பது 444 குடும்பம். ஆனால் அதற்குப் பின் மாநிலத்தின் தினசரி அறிக்கை முன்னைவிடக் கூர்ந்து படிக்கப்பட்டது, நம்பவும்பட்டது. ஒவ்வொரு மரணத்துக்கும் வயது, இணைநோய், மருத்துவமனையில் சேர்ந்த நாள், இறந்த நாள் என்று பக்கம் பக்கமாக வந்த அந்த அறிக்கையை எடுத்து, நாளொன்றுக்கு எத்தனை பரிசோதனை, எத்தனை சதவீதம் தொற்று என்று தாமே வரைபடம் போட்டு ட்விட்டரில் வெளியிட்ட கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். எண்ணைக் கையில் கொடுத்தால் இளைஞர் அதைச் சரிபார்க்கிறார். சரிபார்த்த பிறகு வரும் நம்பிக்கை, அதட்டி வாங்கும் நம்பிக்கையைவிட உறுதியானது. 'மெதுவாகச் சொல்லலாம்' என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. மெதுவாகச் சொல்வதற்குள் வாட்ஸ்அப் வேறொரு எண்ணை வேகமாகச் சொல்லிவிடும். அதைத் திருத்துவதற்கு எந்தக் குழுவும் கிடையாது.

அந்த 444-ஐ முதல் நாளே சொல்லியிருந்தால்? அது வேறு கதையாக இருந்திருக்கும். ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது, மறுத்த பிறகு ஒப்புக்கொண்டது பாதிப் பாராட்டுக்குத்தான் தகும்.

*

முதுகலை மாணவர், கோயம்புத்தூர்: 2021 மார்ச்சில் தொற்றைக் காரணம் காட்டிக் கல்லூரியை மூடினார்கள். அதே வாரம் எங்கள் தெருவில் லாரி லாரியாக ஆள் இறக்கிப் பிரசாரம் நடந்தது. இதற்கு என்ன விளக்கம்?

விளக்கம் இல்லை. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு வரை எல்லாக் கட்சிகளும் கூட்டம் சேர்த்தன. ஏப்ரல் 26 அன்று, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகக் கடிந்துகொண்டது. கொலை வழக்குகூடப் பதியலாம் என்ற அளவுக்கு வார்த்தைகள் போயின. அந்த வார்த்தைகள் கடுமையானவை என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னது; ஆனால் அவற்றைச் செய்தியாக்கக் கூடாது என்ற ஆணையத்தின் வேண்டுகோளை ஏற்கவில்லை. நோய்க்கட்டுப்பாட்டு விதி வகுப்பறைக்கு ஒன்றாகவும் மேடைக்கு ஒன்றாகவும் இருந்ததை முதல்முறை வாக்களிக்கப் போன ஒரு தலைமுறை கண்ணால் பார்த்தது. அதை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

இளங்கலை மூன்றாமாண்டு மாணவி, புதுக்கோட்டை: எங்கள் கல்லூரியில் இதே தலைப்பில் திட்டக் கட்டுரை எழுதப்போகிறேன். நூறு பேரிடம் 'அரசை நம்புகிறீர்களா?' என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். போதுமா?

போதாது, அம்மா. 'அரசு' என்று மொத்தமாகக் கேட்டால் ஒருவர் பிரதமரை நினைத்துப் பதில் சொல்வார், ஒருவர் முதலமைச்சரை, இன்னொருவர் தன் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரை. ஒன்றிய அரசு, மாநில அரசு, உங்கள் பல்கலைக்கழகம், நீதிமன்றம், தேர்தல் ஆணையம், அரசு மருத்துவமனை, கட்சிகள் என்று தனித்தனியே கேளுங்கள். ஒரே மாணவர் அரசு மருத்துவமனைக்கு நிறைய மதிப்பெண்ணும் கட்சிகளுக்குக் கொஞ்சமும் கொடுப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் கட்டுரையின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கும். 'ஆம், இல்லை' என்று கேட்காமல் பூஜ்யம் முதல் பத்து வரை அளவுகோல் வையுங்கள்.

நம்பிக்கையைக் கேட்ட கையோடு அனுபவத்தையும் கேளுங்கள்: அந்த ஆண்டுகளில் நீங்களோ வீட்டாரோ அரசு மருத்துவமனைக்குப் போனீர்களா, 2021 ஜனவரியில் அரசு அறிவித்த நாளொன்றுக்கு 2 ஜிபி இணைய அட்டை கைக்கு வந்ததா, வந்தபோது உங்கள் ஊரில் சிக்னல் இருந்ததா, அந்த ஆண்டு கொடுத்த நான்காயிரம் ரூபாய் நிவாரணம் வீட்டுக்குக் கிடைத்ததா. அப்போது நீங்கள் பேசப்போகும் பலர் பள்ளியில்தான் இருந்திருப்பார்கள். பத்தாம் வகுப்பில் 'ஆல் பாஸ்' ஆனவர்களாகக்கூட இருக்கலாம். அவர்களிடம் கல்லூரித் தேர்வைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. அவர்களுடைய தேர்வைப் பற்றிக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. வினாத்தாளை வகுப்பறையில் ஆசிரியர் முன்னிலையில் கொடுக்காதீர்கள், பெயரும் பதிவு எண்ணும் கேட்காதீர்கள். கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தன் பெயர் எங்கே போகும் என்று தெரியாத மாணவர், தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிய கேள்விக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டுப் போய்விடுவார்.